மோப்பக்காரியும் மீன்தூளும்

அந்தப் பன்றிப் பண்ணையில் தீவனம் கலக்கும் பெண்ணை எல்லோரும் மோப்பக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். புது மூட்டை எது வந்தாலும் பிரித்து, ஒரு பிடி அள்ளி முகர்ந்து, நுனி நாக்கில் துளி வைத்துப் பார்க்காமல் எந்திரத்தில் கொட்ட மாட்டாள். நனைந்து காய்ந்த சோளத்தை வண்டியிலிருந்து இறக்கும்போதே கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பியவள். பண்ணை அவளுடைய தங்கைக்குச் சொந்தம். ஆனாலும் தீவன அறைக்குள் அக்கா வைத்ததுதான் சட்டம்.

அப்படிப்பட்டவளை அந்த மூக்கே கவிழ்த்துவிட்டது.

பால் மறக்கடித்த குட்டிகளுக்கான தீவனத்தில் சோயா கொஞ்சமாகவும், மீன்தூளும் பால் பவுடரும் தாராளமாகவும் சேரும். மீன்தூளைத் தொட்டால் நாற்றம் தலைமுடி வரை ஏறிக்கொள்ளும். பேருந்தில் இவள் உட்கார்ந்தால் பக்கத்து இருக்கை தானாகக் காலியாகும். ஒரு நாள் வறுத்த சோயா வந்து இறங்கியது. பிரித்ததும் அறையே கமகமத்தது. ஒரு பிடி வாயில் போட்டாள். இன்னொரு பிடியும் போட்டாள். எனக்கே குமட்டுகிற மீன்தூள் அந்தப் பச்சைக் குழந்தைகளுக்கு மட்டும் எப்படித் தொண்டையில் இறங்கும் என்று யோசித்தாள். அன்றோடு மீன்தூளை அடியோடு நிறுத்தினாள். பால் பவுடரையும் குறைத்தாள். அந்த இடத்தையெல்லாம் சோயாவால் நிரப்பினாள். எல்லாம் அக்கறைதான், வேறொன்றும் இல்லை.

குட்டிகள் ஆசை ஆசையாகத் தின்றன. தின்றுவிட்டுத் தண்ணீராகக் கழிந்தன. முதுகெலும்பு துருத்திக்கொண்டு சுருண்டு படுத்தவற்றில் சில எழுந்திருக்கவே இல்லை. மருத்துவர் வந்து மருந்து கொடுத்துவிட்டு, தீவனத்தில் ஏதாவது மாற்றினீர்களா என்று கேட்டார்.

"முன்னவிட நல்லதாத்தான் போடுறேன்," என்றாள். பொய் இல்லை, அவள் அப்படித்தான் நம்பினாள்.

அவர் போனதும் தங்கை தீவன அறை வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, கோவிச்சுக்காத. அடுத்து வர்ற குட்டிங்களுக்கும் இப்படியே ஆச்சுன்னா, வெளியில கலந்து விக்கிற தீவனத்தையே வாங்கிடுவேன். எந்திரத்தைக் கொடுத்துடலாம்."

எந்திரம் போனால் மோப்பக்காரிக்கு அங்கே என்ன வேலை? தங்கை தயவில் உட்கார்ந்து சாப்பிடும் அக்காவாகத் தன்னை நினைத்துப் பார்க்கவே அவளால் முடியவில்லை.

அடுத்த குட்டிகளும் வந்தன. அவையும் கழிந்தன, மூலை அடைப்பில் இருந்தவற்றைத் தவிர. அங்கே மட்டும் குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி ரகளை செய்துகொண்டிருந்தன. இதென்ன கூத்து என்று அவளுக்கு மண்டை குடைந்தது. தரையைத் தடவிப் பார்த்தாள். மற்ற இடங்களைப் போலத்தான் இருந்தது. காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று முந்தானையைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். அந்த அடைப்பின் குழாய்த் தண்ணீரைக் குடித்தே பார்த்துவிட்டாள். கடைசியில் மண்டியிட்டுத் தீவனத் தொட்டிக்குள் தலையை விட்டாள்.

கமகம வாசனை இல்லை. மீன்தூள் நாற்றம்.

சில நாளாக வீட்டில் துவைக்கிற கணவரின் சட்டையிலும் இதே நாற்றம்தான் அடித்தது. பழைய சட்டை, எப்போதோ ஏறியது என்று விட்டிருந்தாள். மூக்கு சொன்னதை அவள் நம்பாமல் போனது அந்த ஒரு தடவைதான்.

அந்தச் சட்டைக்காரரே வாளியோடு வந்து நின்றார். குட்டிகளுக்குத் தீவனம் போடுவது அவர் வேலை. கேட்ட கேள்விக்கே யோசித்துப் பதில் சொல்லும் அமுக்குணி.

"கையை நீட்டுங்க," என்றாள். முகர்ந்தாள்.

"பழைய கலவையில ஒரு மூட்டை மிச்சம் இருந்துச்சு," என்றார். "மூலையில இருக்கிறதுங்க ரொம்பப் பொடிசு. மனசு கேக்கல."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னா நீ கேட்டிருப்பியா?"

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கூடவே வெட்கமும் வந்ததால் கோபத்தை எங்கே இறக்கிவைப்பது என்று தெரியவில்லை. மருத்துவருக்குப் போன் போட்டு, இந்த முறை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"நேத்துவரைக்கும் தாய்ப்பால் குடிச்ச வயிறும்மா," என்றார் அவர். "அவ்வளவு சோயா அதுக்கு ஒத்துக்காது. பழையபடி மீன்தூளும் பால் பவுடரும் போடுங்க. சோயாவை வளர வளர ஏத்துங்க."

அங்கிருந்து நேராகத் தங்கையிடம் போனாள்.

"எந்திரத்தை எடுக்கிறதுன்னா எடு. ஆனா என்ன நடந்துச்சுன்னு கேட்டுக்க. எனக்கு ருசியா இருந்துச்சேன்னு அதுங்களுக்குப் போட்டுட்டேன். செத்ததெல்லாம் என்னாலதான்."

"மிச்சம் இருக்கிறது தேறட்டும், பாக்கலாம்," என்றாள் தங்கை.

அன்றைக்கே மீன்தூள் மூட்டை பிரிந்தது. எந்திரம் சுற்றி நின்றதும் மோப்பக்காரி வழக்கம்போல ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தாள். முகம் அஷ்டகோணலாகியது. வாசலில் கணவர் வாளியோடு காத்திருந்தார். உள்ளே குட்டிகள் கத்திக்கொண்டிருந்தன.

"எப்படி இருக்கு?" என்றார்.

"வாயில வைக்க முடியல," என்று அவள் வாளியை நிரப்பினாள். "சீக்கிரம் கொண்டுபோய்ப் போடுங்க."