முள்ளங்கிமேல் விழுந்த இசோபே

ஜப்பானில், எங்கள் தகமாத்சு ஊர் டாக்ஸி கம்பெனியில் இசோபே மாதிரி வண்டி ஓட்ட ஆளில்லை. இதைச் சொன்னது இசோபேதான். விபத்து நடந்தால் படம் எடுக்கவென்று வண்டிக்கு ஒரு அட்டைக் கேமரா கொடுத்திருந்தார்கள். ஃபிலிமை உள்ளே போட்டே விற்பார்கள்; எடுத்து முடித்ததும் கேமராவை அப்படியே கடையில் கொடுத்துவிட வேண்டியதுதான்.

"இதெல்லாம் இடிக்கிறவனுக்குய்யா" என்று அதைத் தொடக்கூட மாட்டார்.

ஒரு குளிர்காலக் காலையில், சிக்னலில் நின்ற முள்ளங்கி வண்டியின் பின்னால் போய் இடித்தார். அவருக்குப் பின்னால் என் டாக்ஸி. ரோடெல்லாம் முள்ளங்கி. வண்டியிலிருந்து ஹட்சுவே என்ற விவசாயி அம்மா இறங்கினார். இருவரும் மாறி மாறிக் குனிந்து மன்னிப்புக் கேட்டார்கள். அப்புறம்தான் சண்டை.

"நீங்கதாம்மா பின்னால உருண்டு வந்தீங்க."

"நான் பிரேக்க மிதிச்சிட்டு செவனேன்னு நின்னேன் டிரைவர் சார்!"

இசோபே கேமராவை எடுக்க ஓடினார். அந்த அம்மாவும் ஓடினார். முந்தின நாள் மருமகள் முறைப் பெண்ணின் கல்யாணத்தில் படம் எடுத்த அட்டைக் கேமரா ஒன்று அவரிடமும் இருந்தது. கட்டைவிரலால் சக்கரத்தைத் திருப்புவதும் அமுக்குவதுமாக, இவரை அவர் எடுக்க, அவரை இவர் எடுக்க, பின்னால் ஹாரன் சத்தம்.

"படம் சரியா விழுந்திருக்கான்னு பாக்கணுமே" என்றார் இசோபே.

"கடைக்காரன் கழுவிக் குடுத்தாத்தானே தெரியும்?"

"அதுக்குள்ள நீங்க வண்டியையே மாத்திட்டா?"

ஸ்க்ரூடிரைவரால் கேமராவை நெம்பினார். ஃப்ளாஷுக்காக உள்ளே சேர்ந்திருந்த மின்சாரம் மொத்தமும் அவர் விரலில் இறங்கியது. "அய்யோ!" என்று எகிறி, முள்ளங்கிக் குவியல்மேல் மல்லாந்து விழுந்தார். ஹட்சுவே ஓடி வந்தார். தூக்கிவிடுவதற்குமுன் ஒரு படம் எடுத்துக்கொண்டார்.

எடுக்க எடுக்க ஃபிலிம் தன் உருளைக்குள் திரும்பிச் சுருண்டுகொள்ளும் கேமரா அது. அதனால், உடைத்தும் இசோபே எடுத்த படங்கள் பிழைத்தன. பிழைத்து என்ன பயன்? நசுங்கின இடத்துக்கு மூக்கை ஒட்டி நின்று எடுத்ததில் எல்லாம் ஒரே மங்கல். மிச்சமெல்லாம் அவருடைய விரல். ஹட்சுவேயின் படம் பளிச்சென்று இருந்தது. காலைத் தூக்கியபடி இசோபே, அவருக்குப் பின்னால் இரண்டு வண்டிகளும், நம்பர் பலகையோடு.

காப்பீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "இது போதும்" என்றார். தப்பு யார்மேல் என்று கேட்கவே இல்லை.

விஷயம் அதோடு முடியவில்லை. கடைக்காரர் கல்யாணப் படங்களோடு சேர்த்து இதையும் பிரதி போட, ஹட்சுவே பார்க்காமல் உறவுக்காரர்களுக்கெல்லாம் அனுப்பிவிட்டார். பெண் வீட்டார் இசோபேயை மாப்பிள்ளையின் சித்தப்பா என்றும், மாப்பிள்ளை வீட்டார் பெண்ணின் பெரியப்பா என்றும் எடுத்துக்கொண்டார்கள். அந்த ஜோடிக்குக் குழந்தை பிறந்தபோது, படத்தில் டாக்ஸிமேல் இருந்த பெயரைப் பார்த்துக் கம்பெனி முகவரிக்கே அவருக்கு அழைப்பு வந்தது.

"போவீங்களாண்ணே?" என்றேன்.

"மதிச்சுக் கூப்பிட்டிருக்காங்கய்யா. போகாட்டி தப்பா நெனப்பாங்க."

டிரைவர்கள் போடும் வெள்ளைக் கையுறையைப் புதிதாக மாட்டிக்கொண்டு போனார். குழந்தையை அவர் மடியில் வைத்து, எல்லோரும் சுற்றி நின்றிருக்கிறார்கள். குழந்தையின் அப்பா மூக்கு அப்படியே இந்தப் பெரியவருக்கும் இருக்கிறது என்று ஒரு கிழவி சொன்னாளாம். மறுநாள் அதை எங்களிடம் சொல்லும்போது அவர் முகத்தில் அப்படியொரு பூரிப்பு.