களவெட்டியில் வாய் திறந்தவர்

அங்கமுத்து எங்கள் வீட்டு வளவை விட்டுப் போனது 1959ஆம் ஆண்டு பங்குனி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம். கையில் ஒரு சாக்குப்பை இருந்தது. மேலுதடு வெடித்து வீங்கியிருந்தது.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா ஒரு மனிசன வளவால அனுப்பப்படாது. விடியப் போகட்டுமே," என்று அம்மா அடுக்களை வாசலில் நின்று சொன்னார்.

"ஒரு ராவும் இஞ்ச கிடக்கப்படாது. உனக்கு இரக்கமெண்டா நீயும் கூடப் போ," என்றார் அப்பா.

அம்மா உள்ளே போய்விட்டார். அங்கமுத்து துறைப் பக்கம் நடந்தார். பட்டணம் போகிற தோணி அங்கேதான் நிற்கும். வேலிக்குள் நின்ற என்னைக் கண்டதும் கொஞ்சம் தரித்து நின்றார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவேண்டியவள் நான். எனக்குப் பதினொரு வயது. அதைச் சாட்டாகச் சொல்லமாட்டேன். நடந்தது என்னவென்று எனக்கு முழுதாக விளங்கியிருந்தது.

"அவர்" என்று இப்போது எழுதுகிறேன். அந்த நாளில் எங்கள் வளவில் எருமைகளுக்குக்கூடப் பெயர் இருந்தது. அவரை எல்லாரும் "ஊமையன்" என்றுதான் கூப்பிட்டோம்.

அவர் வந்தது முந்திய வருடம் ஆனி மாதத்தில். பொலன்னறுவைப் பக்கம் ஒரு கரும்புத் தோட்டத்தில் வேலை செய்தவர். வைகாசியில் நடந்த இனக் கலவரத்துக்குத் தப்பிய சனம் கோச்சியில், அதாவது ரயிலில், மட்டக்களப்பில் வந்திறங்கியது. பட்டணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவர்களை இருத்தியிருந்தார்கள். எங்கள் வவுணதீவுச் சனம் அரிசியும் பழைய சீலையும் கொண்டுபோய்க் கொடுத்தது. என் அப்பா வல்லிபுரம் நிறைய வயற்காணி உள்ள போடியார். அவர் அதோடு நிற்காமல் ஓர் ஆளையே கூட்டிக்கொண்டு வந்தார். "அகதிக்கு இடம் குடுத்த மனிசன்" என்று கோயிலடியில் கதைத்தார்கள். அப்பாவுக்கு அது பிடித்திருந்தது. எனக்கும் பிடித்திருந்தது, பள்ளிக்கூடத்தில் நானே அதைப் பலருக்குச் சொல்லியிருக்கிறேன். அந்த மனிதருக்கு நாங்கள் கொடுத்த இடம் வயலுக்குள் இருந்த காவல் குடிசை, வாடி என்போம். சோறு கொடுத்தோம். கூலி என்று ஏதும் கொடுத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

அவர் பேசவில்லை. முதல் மாதம் நாட்டு வைத்தியம் பார்க்கும் பரிசாரியைக் கூப்பிட்டு மூக்கில் எண்ணெய் விட்டுப் பார்த்தார்கள். கோயிலில் நூல் கட்டினார்கள். பிறகு விட்டுவிட்டார்கள். வயல் வேலைகளை மேற்பார்க்கும் முல்லைக்காரன் தங்கராசாவுக்கு அது பெரிய வசதியாகப் போயிற்று.

"போடியார், இப்பிடி ஒரு ஆள் கிடைக்கத் தவமிருக்க வேணும். மத்தவனெல்லாம் வேலையில பாதி, வாயில பாதி," என்பார்.

ஒவ்வொரு காலையும் அங்கமுத்து எழுந்தவுடன் தன் பாயைச் சுருட்டுவார். மாற்றுச் சாரனையும் சட்டையையும் அதற்குள் வைத்து இறுக்கிக் கட்டி வாடி வாசலில் நிறுத்திவிட்டுத்தான் வேலைக்குப் போவார். வயலுக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். "என்ன ஊமையன், இண்டைக்கும் கோச்சி பிந்திட்டோ?" என்று ஒருவன் கேட்பான். "டிக்கட் கேக்க வாயில்லையே, அதுதான் நிக்கிறான்," என்று இன்னொருவன் சொல்வான். நானும் சிரித்திருக்கிறேன்.

மத்தியானச் சோற்றை வாடிக்குக் கொண்டுபோவது என் வேலை. அவர் தின்று முடிக்கும்வரை நான் வயல் வரம்பில் உட்கார்ந்து வாய் ஓயாமல் கதைப்பேன். பதில் சொல்லாத ஆளிடம் என்னவும் கதைக்கலாம். வாத்தியார் அடித்தது, அம்மா அழுதது, நான் ஒளித்து வைத்திருந்த படப் புத்தகம், எல்லாம் அவருக்குத் தெரியும்.

தைப்பொங்கலுக்கு மாமா பட்டணத்திலிருந்து கரும்பு கொண்டுவந்தார். ஒரு துண்டை அவருக்கென்று எடுத்துப்போய் நீட்டினேன். அவர் சோற்றுக் கோப்பையைப் போட்டுவிட்டு எழுந்து பின்வாங்கினார். வாடிச் சுவரில் முதுகு முட்டிய பிறகும் கால்கள் பின்னால் போகப் பார்த்தன. நான் பயந்துபோய்க் கரும்பை வாய்க்காலுக்குள் எறிந்தேன்.

மறுநாள் சோறு கொண்டுபோனபோது நான் கதைக்கவில்லை. அவர் தின்று, கோப்பையைக் கழுவி என் கையில் தந்தார். தொண்டை வறண்ட ஒரு சத்தத்தில், "கரும்பு வேணாம் பாப்பா," என்றார்.

எட்டு மாதத்துக்குப் பிறகு அந்த வாயிலிருந்து வந்த முதல் சொற்கள் அவை. நான் யாருக்கும் சொல்லவில்லை. அடுத்தடுத்த நாட்களில் ஒன்று, இரண்டு என்று சொற்கள் வந்தன. பெயர் அங்கமுத்து என்று சொன்னார். மழை வரும் என்றார். சோறு நல்லது என்றார். வேறு யாராவது வரம்பில் வந்தால் வாய் பூட்டிவிடும். அதை அவர் நடிக்கவில்லை. பேச முயன்று முடியாமல் கழுத்து நரம்பு புடைப்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். மாசி மாதம் ஒரு காலை, வாடிக்குள் பாய் விரித்தபடியே கிடந்தது. அவர் அதைச் சுருட்டிக் கட்ட மறந்திருந்தார், அல்லது வேண்டாம் என்று விட்டிருந்தார்.

அதற்குள் அறுவடை வந்தது. அறுத்த நெல்லைக் குவித்து எருமைகளை விட்டு மிதிக்கிற இடத்தைக் களவெட்டி என்போம். எங்கள் பக்கத்தில் அது கோயிலுக்குச் சமம். செருப்புப் போடக்கூடாது. பெண்கள் மிதிக்கக்கூடாது. அங்கே நிற்பவர்கள் கண்டபடி கதைக்கக்கூடாது. குறைந்தது, தீர்ந்தது, செத்தது, இல்லை என்ற சொற்கள் வாயில் வரவே கூடாது. வந்தால் பூதங்கள் நெல்லைக் கொண்டுபோய்விடும், அடுத்த போகத்துக்கு விதைநெல்லும் மிஞ்சாது என்று பெரியவர்கள் உறுதியாக நம்பினார்கள். அதனால் அப்பா அந்த வருடம் அங்கமுத்துவைத்தான் எருமைகளை வளைத்து ஓட்ட விட்டார். ஊமையன் பிழையாகக் கதைக்க வழியில்லை.

நானும் மச்சாள் கண்ணகையும் தள்ளி வரம்பில் நின்றோம். அப்போதுதான் என்னால் அடக்க முடியாமல் போயிற்று.

"ஊமையன் என்னோட கதைக்கிறவர்," என்றேன்.

"ஓம், ஓம். நாளைக்கு எருமையும் உன்னோட கதைக்கும்."

"மெய்யாத்தான்கா. பேரும் சொன்னவர்."

"புளுகு. கேள் பாப்பம். கதைச்சா என்ட வளையல் ரெண்டும் உனக்கு."

எருமைகள் எங்கள் பக்கம் திரும்பின. அங்கமுத்து அவற்றின் பின்னால் வந்தார். நான் குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கட்டும் என்று, "அண்ணே, உங்கட பேரென்ன?" என்றேன்.

அவர் நின்றுவிட்டார். என்னைப் பார்த்துச் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் நிமிர்ந்து, குவியலுக்கு அப்பால் நின்ற அப்பாவைப் பார்த்தார். கைகளை உடம்போடு ஒட்டி, அகதிப் பதிவு எழுதுகிறவர் முன்னால் நிற்பதுபோல நின்றார்.

"அங்கமுத்துங்க ஐயா. பொஞ்சாதி வீராயி. மக சரசு. மகன் ராசு. கைப்புள்ளைக்குப் பேரு வைக்கலீங்க. நாலு பேரும் செத்துப்போயிட்டாங்க. ஒருத்தரும் மிச்சம் இல்லீங்க."

தெளிவான, பெரிய குரல். களவெட்டியில் நின்ற பத்துப் பேருக்கும் கேட்டது. அவர் முகத்தை நான் பார்த்தேன். கனமான எதையோ இறக்கி வைத்த மனிதரின் முகம் அது. அரை நிமிடம் அப்படி இருந்திருக்கும்.

அப்பா நெல்லின் மேலால் நடந்து வந்து புறங்கையால் வாயில் அடித்தார்.

"ஊமையெண்டு நடிச்சு எங்கட சோத்தத் திண்டவன்! களவெட்டியில வந்து சாவு சொல்றான்!"

"எனக்கு அப்பவே ஐமிச்சம் போடியார்," என்றார் தங்கராசா. அப்படி ஒரு சந்தேகம் அவருக்கு என்றுமே இருந்ததில்லை. பிறகு சுற்றிப் பார்த்து, "ஆர் இவனுக்கு வாயக் கிளறினது?" என்று கேட்டார்.

கண்ணகை என் கையைப் பிடித்து நசித்தாள். நான் கேட்டேன், நான்தான் கேட்டேன், அவர் நடிக்கவில்லை, பொங்கலுக்குப் பிறகுதான் வாய் திறந்தார். இவ்வளவும் சொல்லியிருந்தால் போதும். அப்பா எனக்கு இரண்டு அடி போட்டிருப்பார். அவரை வைத்திருந்திருப்பாரோ இல்லையோ தெரியாது, ஆனால் கள்ளன் என்று அனுப்பியிருக்க மாட்டார். நான் வரம்பில் கிடந்த வைக்கோலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தங்கராசா தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு எருமைகளை ஓட்டப் போய்விட்டார்.

அன்று பின்னேரம், தோணி போன பிறகு, கண்ணகை ஒரு சொல்லும் இல்லாமல் இரண்டு சிவப்பு வளையல்களைக் கழற்றித் தந்தாள். நான் வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

அந்த வருடம் நெல் குறையவில்லை. முந்திய வருடத்தைவிடக் கூடவே வந்தது. அம்மா ஒருதரம் அதைச் சொல்லிக் காட்டினார். அப்பா கேட்காதவர்போல எழுந்து போனார். துறைக்கு ஆள் அனுப்பி விசாரிக்க யாருக்கும் தோன்றவில்லை.

எந்த ஊரிலும் இரண்டு வருடத்துக்கு மேல் நிற்காத கால் எனக்கு. இருபது வயதில் தாதி வேலைக்குப் படிக்க லண்டன் போனேன். அங்கிருந்து ஹம்பர்க், பெய்ரூட், மறுபடி லண்டன். 1974இல் சைப்பிரஸ் சண்டைக்குத் தப்பி வந்த ஒரு பெண் எங்கள் ஆஸ்பத்திரி வாட்டில் இருந்தார். ஐந்து மாதம் வாய் பேசாதவர். ஒரு காலை என்னிடம் தண்ணீர் கேட்டார். டொக்டர் ஓடி வந்தார். தாதிமார் ஒருவரையொருவர் கட்டிப் பிடித்தார்கள். ஒருத்தி கேக் வாங்கி வந்தாள். அந்தப் பெண் பிறகு தன் ஊரைப் பற்றி, செத்தவர்களைப் பற்றி, கேட்பவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொல்லிக்கொண்டே இருந்தார். டொக்டர் கட்டில் பக்கத்தில் இருந்து கேட்டார். "சொல்லட்டும், மறிக்க வேண்டாம்," என்று எங்களுக்குச் சொன்னார். நான் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டேன். எல்லாரும் நான் சந்தோசத்தில் அழுவதாக நினைத்தார்கள். அதையும் நான் திருத்தவில்லை.

அடுத்த வருடம் ஊருக்கு வந்தேன். அங்கமுத்து எங்கே என்று அப்பாவிடம் கேட்டேன். "இப்ப என்னத்துக்கு அந்தக் கதை?" என்றார். தங்கராசாவுக்குக் கண் மங்கிவிட்டது, நாக்கு மங்கவில்லை.

"ஊமையனோ? அவன் வாழைச்சேனைச் சந்தையில மீன் விக்கிறான் புள்ள. அவன் கூவுற கூவலில வாங்காத சனமும் வாங்குமாம். ஊமையனாம் ஊமையன்!"

அந்தச் சந்தையில் முஹம்மட் என்பவரின் கடைக்குப் போட்டால் அவருக்குக் கடிதம் கிடைக்கும் என்று அறிந்து எழுதினேன். வளையல் பந்தயத்தை எழுதினேன். தங்கராசா கேட்டபோது நான் வாய் திறக்காததை எழுதினேன். வந்து நேரில் மன்னிப்புக் கேட்க விடும்படி எழுதினேன். பதில் இல்லை. பஸ் ஏறத் துணிவும் இல்லை. நான் பட்டணத்து ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தேன்.

பதினொரு மாதம் கழித்து, 1976 கார்த்திகையில், கொப்பித் தாளில் எழுதிய ஒரு கடிதம் வந்தது. பள்ளிக்கூடப் பிள்ளையின் உருண்டைக் கையெழுத்து.

"அக்காவுக்கு, அங்கமுத்துட மனிசி இரத்தினம்மா சொல்ல மகள் எழுதுவது. உங்கட கடிதம் கடையில இருந்து என்ட கைக்குத்தான் வந்தது. அவருக்கு வாசிச்சுக் காட்டல்ல. காட்டவும் மாட்டன். எங்கட வழக்கப்படி அவர் கலியாணம் முடிச்சு என்ட வளவுக்கு வந்தவர். ரெண்டு வருசம் வீட்டுக்குள்ள படுக்கல்ல, வாசலிலதான். இப்ப உள்ள படுக்கிறார். பிள்ளைகளோட சிரிச்சுக் கதைக்கிறார். போடியார் வீட்டைப் பற்றி ஒரு நாளும் சொன்னதில்ல. அங்க ஒரு சின்னப் புள்ள இருந்தது, தன்னை மனிசன் எண்டு நினைச்சுக் கதைச்ச ஒரே ஆள் அதுதான் எண்டு மட்டும் ஒருதரம் சொன்னவர். அது நீங்கதான் எண்டு உங்கட கடிதத்திலதான் தெரிஞ்சது. அவர் அப்படியே நினைச்சுக்கொண்டு இருக்கட்டும். நீங்க இந்தப் பக்கம் வந்தா மீன் வாங்க வந்த ஆள் மாதிரி வாங்க. ஆரெண்டு சொல்ல வேணாம்."