வலப்பக்கம் இரைந்த ஆல்பம்

நானும் என் நண்பனும் சேர்ந்து ஓர் ஆல்பம் செய்தோம். ஐந்து இசைத்துண்டுகள், நாற்பது நிமிடம். இணையத்தில் இன்னும் கிடக்கிறது. கேட்டவர்கள் கொஞ்சப் பேர்தான். அதில் பாட்டோ வார்த்தையோ கிடையாது. ஒற்றைக் கிட்டார் ஒரே சுரத்தை மெதுவாகத் தட்டிக்கொண்டிருக்கும். அதன்மேல் நான் வாசிக்கும் கீபோர்டும் டிரம்ஸும் வந்து ஏறி, பெரும் இரைச்சலாகி, பிறகு ஓய்ந்துபோகும். போஸ்ட் ராக் என்பார்கள். ஸ்டுடியோவுக்குப் போகாமல் பழைய கேசட் ரெக்கார்டரில் பதிந்ததால், எல்லாவற்றுக்கும் அடியில் நாடாவின் 'ஸ்ஸ்' சத்தம் ஓடிக்கொண்டே இருக்கும். அந்தக் கலங்கலான ஒலிதான் எங்களுக்கு வேண்டியிருந்தது.

அவன் மண்டைக்காட்டுக்கு அடுத்த கடற்கரை ஊர்க்காரன். ஞாயிறு பூசையில் பாடகர் குழுவுக்குக் கிட்டார் வாசிப்பான். சீசனில் அண்ணனோடு கடலுக்குள் பாறைகளில் மூழ்கிச் சிப்பி எடுப்பான். நான் உள்ளே தள்ளி, வயல்காட்டு ஊர். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். கல்லூரியில் ஏற்பட்ட பழக்கம். சிப்பி சீசன் முடிந்து சாரல் தொடங்கியதும், சனிக்கிழமை தோறும் கிட்டாரை முதுகில் மாட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வருவான். மாடியில் தகர ஷீட் போட்ட அறையில்தான் பதிவு. மழை பலத்தால் நிறுத்திவிட்டு உட்கார்ந்திருப்போம்.

எது இடப்பக்கம் ஒலிக்க வேண்டும், எது வலப்பக்கம், எவ்வளவு சத்தம் என்பதையெல்லாம் அவன்தான் கேசட்டை லேப்டாப்பில் ஏற்றி, ஹெட்போன் போட்டுச் சரிசெய்தான். முடித்துவிட்டு என்னிடம் கொடுத்தான். வலது காதில் கிட்டார் அலறியது. இடப்பக்கம் பக்கத்து வீட்டில் யாரோ வாசிப்பதுபோல் கேட்டது.

"லே மக்கா, வலது பக்கம் செவியக் கிழிக்கு. கொஞ்சம் கொறயேன்."

"எனக்குச் சரியாத்தான் கேக்கு. ரெண்டும் சமம்."

மூன்று வாரம் இதே சண்டை. மூன்றாவது வாரம் எனக்குப் பொறுமை போய்விட்டது. "எங்கலே சமம்? ஒனக்குச் செவி கேக்காதா?" என்று கத்திவிட்டேன். அவன் ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தான். அம்மா போட்டுவைத்த தேயிலைத் தண்ணியைக்கூடக் குடிக்காமல் இறங்கிப் போனான்.

அடுத்த சனிக்கிழமை ஒன்றும் நடக்காததுபோல் வந்தான். நானும் விட்டுக்கொடுத்தேன். அவன் வைத்தபடியே இணையத்தில் ஏற்றினோம். எங்கேயோ வெளிநாட்டில் இருக்கும் ஒருவர் ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதினார்: எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது, துணிச்சலான முயற்சி என்று. அவனிடம் காட்டினேன். அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "துணிச்சலாம்" என்று மட்டும் சொன்னான்.

மண்டைக்காட்டுக் கோயிலில் மாசிக் கொடைத் திருவிழா நேரம். அவன் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போய்க்கொண்டிருந்தேன். வலப்பக்கமாக முந்துவதற்கு ஒரு பஸ் விடாமல் ஆரன் அடித்துக்கொண்டு வந்தது. அவன் வலதுபக்கமே திருப்பினான். நான் தோளைப் பிடித்து இழுக்க, பைக் ரோட்டோர மணலில் சாய்ந்தது. முட்டி சிராய்த்ததோடு தப்பினோம்.

"ஆரன் கேக்கல்லியா?"

"கேட்டுது. எந்தப் பக்கம்னு தெரியல்ல."

மணலிலேயே உட்கார்ந்திருந்தான். பிறகு சொன்னான். "வலது செவி போயிட்டு மக்கா. நாம ரெக்கார்டு பண்ணதுக்கு முந்துன சீசன்ல. ஆழத்துல இறங்கும்போ உள்ள ஒரு வெடிப்பு. ரத்தம் வந்துது. சரியாப் போயிரும்னு எண்ணெய விட்டேன். கொஞ்சங்கொஞ்சமா கொறஞ்சிட்டு."

"ஏம்லே சொல்லல்ல?"

"நீதான் கேட்டியே, செவி கேக்காதான்னு. பெறவு எப்பிடிச் சொல்ல?"

என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

திருவனந்தபுரத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். கண்ணாடி அறைக்குள் ஹெட்போன் மாட்டி உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். வெளியே நின்று பார்த்தேன். வலது செவிக்குச் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனார்கள். அவன் விரல் அசையவில்லை. வலது செவி திரும்பாது, இடதும் குறைந்து வருகிறது, இனிக் கடலில் மூழ்கவே கூடாது என்றார் டாக்டர்.

திரும்பும் ரயிலில் அவன் சொன்னான். "நம்ம கேசட்டுல ஒரு எரைச்சல் உண்டுல்லா? அதுதான் இப்பம் எப்பவும் உள்ள ஓடிட்டுக் கெடக்கு. நிறுத்த முடியல்ல."

அவனிடம் கேட்காமலே ஒரு வாரம் உட்கார்ந்து ஆல்பத்தின் இரண்டு பக்கத்தையும் சமமாக்கினேன். என்ன நினைத்துச் செய்தேனோ தெரியவில்லை. அவன் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டினேன். ஒரு துண்டு முழுவதையும் கண்ணை மூடிக் கேட்டான்.

"இதுல எதை மாத்துனே?"

கேட்டதுமே அவனுக்கே புரிந்துவிட்டது. ஹெட்போனின் வயரை மெதுவாகச் சுற்றி என் கையில் கொடுத்தான். "பழசே இருக்கட்டும் மக்கா. அப்பம் எனக்குக் கேட்டது அப்பிடித்தான்."

புதியதை அன்றைக்கே அழித்துவிட்டேன்.

பாடகர் குழுவை விட்டு நின்றுவிட்டான். இப்போது மீன்பிடித் துறைமுகத்தில் வள்ளங்களுக்கு ஐஸ் ஏற்றுகிறான். எப்போதாவது போய்ப் பார்ப்பேன். அவனுக்கு இடப்பக்கமாக நின்று சத்தமாகப் பேசுவேன். இசையைப் பற்றி இருவரும் பேசுவதில்லை. போன வாரம் போன் செய்தேன். நான் சொன்னது ஒன்றும் அவனுக்குப் பிடிபடவில்லை. நாலைந்து தடவை "என்னது? என்னது?" என்று கேட்டுவிட்டு மனைவியிடம் கொடுத்துவிட்டான்.

"என்ன காரியம்ணே? சொல்லுங்க, நான் அவுங்களுக்குச் சொல்லுகேன்" என்றாள் அவள்.

"ஒண்ணுமில்லம்மா. சும்மாதான் கூப்பிட்டேன்."

அவள் போனைக் காதிலிருந்து எடுக்காமலே உரக்கக் கத்தினாள்: "சும்மாதான் கூப்பிட்டாங்களாம்!"