ஐந்தாவது பாட்டு

சித்தியிடம் ஒப்புக்கொள்ள வேண்டியதை அவர் இருந்தவரை நான் ஒப்புக்கொள்ளவில்லை. இந்த வயதில் இங்கேயாவது எழுதிவிடுகிறேன்.

அப்போது எனக்குப் பதினோரு வயது. ஆந்திர எல்லையில், சத்தியவேட்டுப் பக்கம் எங்கள் ஊர். சித்தப்பா கல்யாணமான ஏழாம் மாதமே குவைத்துக்குப் போய்விட்டார். கடிதத்துக்குப் பதிலாகக் கேசட் வரும், கேசட் போகும். பேசிப் பதிவு செய்ய வீடே டேப்ரிக்கார்டரைச் சுற்றி உட்காரும். தாத்தா இருமிவிட்டுத் தொடங்குவார். நைனா, அதாவது என் அப்பா, நிலத்தைப் பற்றிச் சொல்வார். சித்தியின் முறை கடைசியில். மாமனார் எதிரில் அவர் என்ன பேச முடியும்? "நல்லா கீறேன், வேளைக்குத் துன்னுங்க" என்பதோடு சரி.

பாட்டென்றால் சித்திக்கு உயிர். கேட்பதிலும் ஒரு முறை வைத்திருந்தார். முதல் தடவை குரலுக்காக, அடுத்த தடவை பின்னால் வாசிப்பவர்களுக்காக, மூன்றாவது வார்த்தைக்காக. "பல்லவி ஊருக்கே தெரியும்டா. ரெண்டாவது சரணத்தக் கேளு, அங்கதான் சமாச்சாரத்த ஒளிச்சி வெச்சிக்கினு கீறான்" என்பார். சித்தப்பாவும் அப்படியே கேட்கப் பழகியிருந்தார்.

அந்த வருஷம் சித்தப்பாவின் ஒப்பந்தம் முடிந்தது. இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடட்டுமா என்று கேட்டிருந்தார். கட்டிக்கொண்டிருந்த மெத்தை வீடு பாதியில் நின்றதால் போடச் சொன்னார் தாத்தா. தன் முறை வந்தபோது சித்தி, "கூடவே பாட்டு கேசட்டு ஒண்ணு அனுப்பறேன். அஞ்சாவது பாட்டுல ரெண்டாவது சரணம், நல்லாக் கேளுங்க" என்று மட்டும் சொன்னார்.

பத்துப் பாட்டுகளை எழுதி என்னிடம் கொடுத்தார். நைனாவோடு திருப்பதிக்குப் போனேன். ரிக்கார்டிங் கடைக்காரருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. "நுவ்வே சதுவு பாபூ" என்று சீட்டைத் திருப்பித் தந்தார். நானே படித்தேன். ஐந்தாவது ஒரு மெதுவான பாட்டு. அறுப்புக்கு முன்னால் வந்துவிடு என்று கணவனிடம் ஒருத்தி கெஞ்சுவது. கேட்டாலே எனக்குத் தூக்கம் வரும். சித்தப்பா பாவம், குஷியாக ஏதாவது கேட்கட்டும் என்று எனக்குப் பிடித்த குத்துப்பாட்டைச் சொல்லிவிட்டேன். எந்தப் பாட்டுக்கும் இரண்டாவது சரணம் இருக்கத்தானே செய்கிறது.

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. எல்லாரும் உட்கார்ந்து கேட்டோம்.

"ஏமே, ரெண்டாவது சரணத்த நாலு வாட்டி கேட்டேன். கருவாட்டுக் கொழம்புதான் கொதிச்சிக்கினு கீது! ரூமே சிரிக்குது. இன்னா, கருவாடு பார்சல் அனுப்பப் போறியா?"

வீடே சிரித்தது. சித்தியும் சிரித்தார். அடுத்து, தாத்தாவுக்கான சேதி. "நைனா, நீ சொன்னாப்பலயே கையெழுத்து போட்டுட்டேன்."

பிறகு சித்தி என்னைத் தனியே கூப்பிட்டார். "கடைக்காரன் மாத்திட்டானாடா?"

"அந்த ஆளுக்குத் தமிழு படிக்க வராது சித்தி" என்றேன். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை என்று உள்ளுக்குள் சாமர்த்தியம் பேசிக்கொண்டேன்.

"போனாப் போவுது" என்று என் தலையைத் தடவிவிட்டுப் போனார்.

அடுத்த முறை கேசட்டில் பேச எல்லாரும் கூடினோம். தன் முறை வந்ததும் சித்தி டேப்ரிக்கார்டரை என் பக்கம் நகர்த்தி, "நீ பேசுடா" என்றார். என்மேல் எவ்வளவு பிரியம் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. பள்ளிக்கூடம், ஆட்டுக்குட்டி, கிரிக்கெட் என்று கேசட் தீரும்வரை பேசினேன்.