பிலோமினா பாடிய சனிக்கிழமை

இலங்கை மலைநாட்டில், வட்டகொடைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் மின்சார வேலை பார்த்தவர் மத்தியாஸ். எஞ்சின் படுத்துவிட்டால் துரையே அவர் வீட்டு வாசலில் வந்து நிற்பார். அந்தப் பெருமை மனுஷனுக்குக் கொஞ்சம் தூக்கலாகவே உண்டு. 1962 மழைக்காலத்தில் மகள் பிலோமினா காய்ச்சலில் போனாள். பெருமையும் அவளோடு போய்விட்டது.

அதற்கு முன்பே வானொலிக்காரர்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்து பிலோமினாவும் மற்றப் பிள்ளைகளும் பாடியதைப் பதிந்துகொண்டு போயிருந்தார்கள். சனிக்கிழமை சாயங்காலம், ஒரே ஒரு தடவை, அது ஒலிபரப்பாகும் என்று வாத்தியார் வந்து சொன்னார். மனைவி சுகிர்தம் மத்தியாஸின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, அவ கொரலு எனக்கு மறந்துக்கிட்டே வருதுங்க. எப்படியாச்சும் புடிச்சுக் குடுங்க."

பங்குச் சாமியார் தன் டேப் ரெக்கார்டரைக் கொடுத்தார். ஒத்திகையாக ரேடியோவிலிருந்து வயர் இழுத்துச் சொருகிப் பார்த்தால், வந்த சத்தத்தை ரெக்கார்டர் தாங்கவில்லை. பாட்டு காட்டுக் கத்தலாகப் பதிந்தது. ரேடியோவின் சத்தத் திருகைக் குறைத்தாலோ வெறும் இரைச்சல்தான் மிஞ்சியது. இரண்டுக்கும் நடுவே, சத்தத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு கண்ட்ரோல் வைத்தே ஆக வேண்டும். சனிக்கிழமை காலையில் ஹட்டனுக்கு ஓடினார்.

ரேடியோ பழுது பார்க்கும் கந்தப்பன் இரண்டு கண்ட்ரோல்களை எடுத்து வைத்தார்.

"இது புதுசுங்க. ஆனா லேசாத் திருப்புனாலே மொத்தச் சத்தமும் வந்துரும், அளவா நிறுத்த முடியாது. இது பழசு, காதுக்கேத்த மாதிரி மெல்ல மெல்ல ஏறும். உள்ள இருக்கிற கரிப் பூச்சு தேஞ்சிருக்கு, திருப்பயில கரகரங்கும்."

"திருப்பாம வச்சிருந்தா, அண்ணே?"

"ஒரு தொந்தரவும் இல்லீங்க."

மத்தியாஸ் பழசை எடுத்தார். ஒரு தடவை அளவாக வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டால் போதுமே. சொந்தக் கையின் மேல் அவ்வளவு நம்பிக்கை, பாவம்.

சாயங்காலம் முதலில் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து பாடினார்கள். ரெக்கார்டரில் சத்தத்தின் அளவைக் காட்டும் பச்சை விளக்கு நன்றாகத் துடித்தது. அந்த இடத்திலேயே கண்ட்ரோலை நிறுத்திக் கையை எடுத்தார். அடுத்தது பிலோமினாவின் தனிப்பாட்டு.

"நான்..." என்றது ஒரு சின்னக் குரல்.

கூட்டத்துக்கு வைத்த அளவு ஒற்றைப் பிள்ளைக்குப் போதவில்லை. பச்சை விளக்கு அசையவே இல்லை. மகள் பதியாமலே போகிறாளே என்று மத்தியாஸின் கை தானாகப் போய்த் திருகிவிட்டது. கரகரவென்று ஒரு இரைச்சல். அதன்பின் பாட்டு முழுவதும் தெளிவாகப் பதிந்தது.

போட்டுக் கேட்டபோதுதான் தெரிந்தது. "நான்" என்பதற்குப் பிறகு வெறும் கரகரப்பு. பிள்ளை தன் வாயால் சொன்ன பெயர் போயே போய்விட்டது.

"படுபாவி, நானே கெடுத்துட்டேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

சுகிர்தம் மறுபடியும் போடச் சொன்னாள். அவர் டேப்பைப் பின்னுக்குச் சுற்றிப் போட்டார்.

"நான்..." என்றது குழந்தை.

கரகரப்பு வந்த இடத்தில் சுகிர்தம் ரெக்கார்டரின் பக்கம் குனிந்து, "பிலோமினா" என்றாள். மகள் பாட ஆரம்பித்தாள்.