அம்மாவின் கவிதையும் அப்பாவின் முதுகும்

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இன்று காலை அம்மா போட்ட கவிதை:

"காற்றெல்லாம் உன் முகத்துக்கே.
உன் முதுகைப் பார்த்தபடியே
ஊர் சுற்றுகிறது என் மனம்."

அப்பா உருகிவிட்டார். "பாவம், ஹனூர் காத்துக்கு ஏங்கறா. ஞாயித்துக்கெழம ஊருக்குப் போலாம்."

எங்கள் வீட்டில் யார் பெருமூச்சு விட்டாலும் அப்பா சொந்த ஊரான ஹனூருக்கு பஸ் ஏற்றிவிடுவார்.

"அப்பா, அந்த முதுகு உங்களுது. எத்தன வருசம் அம்மா ஸ்கூட்டர்ல பின்னாடியே வரும்? அதுக்கும் வண்டி ஓட்டோணுமாம்!" என்றேன் நான்.

"இவளுக்காச்சும் புரிஞ்சுதே" என்றாள் அம்மா.

அப்பா ஸ்கூட்டர் சாவியை எடுத்தார். அம்மாவிடம் நீட்டினார். "மெதுவா ஓட்டு, ஆயித்தா? சரிதானே?"

மாலையில் மைதானத்தில் அம்மா ஓட்ட, அப்பா பின்னால் உட்கார்ந்து சாமுண்டித் தாயைக் கூப்பிட்டுக்கொண்டே போனார்.

"ஏனுங்க, காத்து எப்படி?"

"உன் முதுகுதான் தெரியுது!"

அடுத்த கவிதை அப்பாவுடையதாக இருக்கும். உங்கள் வீட்டுக் கவிதைகளையும் அனுப்புங்கள், அர்த்தம் சொல்கிறேன். ஹெல்மெட் உங்கள் பொறுப்பு.