அறிவிப்புக்கு முந்திய ஏற்றம்

கூடம் முழுக்கச் செய்தித்தாள்கள் விரிந்து கிடந்தன. காற்றில் பறக்காதிருக்க ஒவ்வொன்றின் மேலும் ஓர் ஆரஞ்சுப் பழம். மேடத்தை நினைத்தால் முதலில் அதுதான் கண்ணில் வருகிறது. கல்லூரியில் வணிகவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்று, சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு வந்து வாடகை வீட்டில் தனியாக இருந்தவர். நான் பக்கத்துக் கிராமமான தலைச்சோலைப் பெண். காப்பி எஸ்டேட் கம்பெனி ஒன்றில் டைப்பிஸ்ட். மாலையில் அவருடைய கட்டுரைகளையும் அடித்துக் கொடுப்பேன்.

எங்கள் கம்பெனியைப் பெரிய நிறுவனம் ஒன்று வாங்கப்போகிறது என்ற அறிவிப்பு வந்த அன்று பங்கு விலை எகிறியது. விஷயத்தை முன்கூட்டியே தெரிந்துகொண்டு யாரோ பங்குகளை வாங்கியிருக்கிறார்கள் என்று புகார் எழுந்தது. அறிவிப்பை அடித்தவள் நான். வேறு யாரையும் கேட்காமல் என்னை வேலையைவிட்டு நிறுத்தினார்கள். கொட்டச்சேட்டில் பேசி முடித்திருந்த மாப்பிள்ளை வீட்டார், கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம் என்று சொல்லியனுப்பினார்கள். அப்பா வெளியே போவதைக் குறைத்துக்கொண்டார்.

மேடத்திடம் போய் அழுதேன். அவர் ஆறுதல் சொல்லவில்லை. அறிவிப்பு என் கைக்கு எப்போது வந்தது என்று மட்டும் கேட்டார். பழைய பேப்பர் வாங்கும் பாயிடமிருந்து அறிவிப்புக்கு முந்திய மாதங்களின், பங்கு விலை அச்சான செய்தித்தாள்களை வரவழைத்தார். சாதாரண நாட்களில் பங்குச் சந்தை ஏறினால் எங்கள் பங்கு எவ்வளவு ஏறும், இறங்கினால் எவ்வளவு இறங்கும் என்று முதலில் கணக்கிட்டார். பிறகு அறிவிப்பை ஒட்டிய நாட்களில் அந்த அளவை மீறி ஏறியது எவ்வளவு என்று தனியே பிரித்துக் கூட்டிக்கொண்டே வந்தார். இன்று கம்ப்யூட்டர் நொடியில் செய்வதை அவர் பென்சிலால் வாரக்கணக்கில் செய்தார்.

"ஊரு பூரா மூடியிருந்தா அது பனி, கண்ணு. ஒரே ஊட்டு மேல மட்டும் நின்னா, அங்க அடுப்பு எரியுது."

சந்தை அசையாமல் கிடந்த நாட்களில் எங்கள் பங்கு மட்டும் ஏறியிருந்தது. அது தொடங்கியது, கம்பெனியை விற்பது பற்றி டைரக்டர்கள் கதவைச் சாத்திக்கொண்டு பேசிய கூட்டத்துக்கு மறுநாள். தாள் என் மேசைக்கு வந்ததோ அதற்கு வெகுநாள் கழித்து.

"அப்ப டைரக்டருங்கதானுங்களா?"

"யாருன்னு இது சொல்லாது. எப்பன்னுதான் சொல்லும். உனக்கு அது போதும்."

மேடம் குடியிருந்த வீடு அந்த டைரக்டர்களில் ஒருவருடையது. வேண்டாமுங்க, ஊடு போயிருமுங்க என்றேன். கணக்கை ஓர் அறிக்கையாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். புகாரை விசாரித்த அதிகாரியிடம் தானே கொண்டுபோய்க் கொடுத்தார்.

என்னை மறுபடி வேலைக்கு எடுத்தார்கள். வாங்கியது யார் என்பது கடைசிவரை வெளியே வரவில்லை. மாப்பிள்ளை வீட்டார் திரும்ப வந்தபோது நான்தான் வேண்டாமென்றேன். மேடத்தை வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள்.

புத்தகப் பெட்டிகளை லாரியில் ஏற்ற அப்பாவும் வந்தார். அதற்குமுன் அவர் மேடத்திடம் பேசியதே இல்லை. கடைசிப் பெட்டியை ஏற்றிவிட்டுத் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"ஏனுங்க, எங்க ஊட்டுல ஒரு ரூம்பு சும்மாத்தானுங்க கெடக்குது. நொம்பப் பெருசுன்னு சொல்ல முடியாதுங்க."

மேடம் லாரியின் முன்பக்கம் போனார். டிரைவரிடம், சேலத்துக்கு இறங்க வேண்டாம், தலைச்சோலைக்கு விடுங்கள் என்றார்.